எதிரணி பெஞ்சில் போய் உட்கார்ந்தவனுக்கு

அன்பு மகன் கோல்பிக்கு அம்மா வெர்னா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை ஜனெலும் சுகம். நீயும் சுகம் என்று போன வாரம் மூன்று தடவை போனில் சொன்னாய், மூன்று தடவையும் நான் நம்பவில்லை. ஒரு தடவை சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பேன்.

குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தாறு டிகிரிக்குப் போய்விட்டது, வண்டி எஞ்சின் உறையாமலிருக்க ராத்திரி முழுக்க மின்சாரம் கொடுத்து வைத்தால்தான் காலையில் உயிர் வருகிறது. அப்பா முட்டிவலியோடு பனி தள்ளுகிறார், சொன்னால் கேட்பதில்லை, சொன்னதைக் கேட்காத வியாதி யாரிடமிருந்து உனக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். ஜனெல் கர்லிங் அணியில் சேர்ந்திருக்கிறாள், கல்லைத் தள்ளுவதைவிடப் பேசுவதுதான் அதிகம். நான் இன்னமும் ஐஸ் ஹாக்கி அரங்கத்து உணவுக்கடையில்தான் நிற்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக கடைக் கண்ணாடி வழியாக ஆட்டக்காரர்களைப் பார்த்தவள், எவன் காலில் அடிபட்டதை மறைக்கிறான், எவன் முந்தின நாள் குடித்தான் என்று அவன் பனியில் இரண்டு சுற்று வருவதற்குள் சொல்லிவிடுவேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்று உனக்கு இப்போதே புரிந்திருக்கும்.

புது வருஷத்துக்கு மூன்று நாள் முன்பு நடந்த ஆட்டத்தை நானும் அப்பாவும் டிவியில் பார்த்தோம். உங்கள் வலைக்குப் பின்னால் மூலையில் கிடந்த ஹாக்கி வட்டை எடுக்கப் போனாய், எதிரணித் தடியன் ஒருவன் முதுகில் வந்து மோதினான், உன் தலை சுவர்க் கண்ணாடியில் பட்ட சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. நீ எழுந்தாய். எழுந்தவன் நேராக எதிரணி பெஞ்சுக்குப் போய்க் கதவைத் திறந்து உட்காரப் பார்த்தாய். வர்ணனை செய்தவர்கள் சிரித்தார்கள், 'ஹொலோவாட்டி கட்சி மாறிட்டாரு போல' என்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் உங்கள் கிளப் 'மேலுடம்பில் காயம்' என்று ஒரு வரி அறிக்கை விட்டது. எல்லா கிளப்பும் அப்படித்தான் சொல்லும், எதிரிக்கு அடிபட்ட இடம் தெரிந்தால் அங்கேயே அடிப்பான் என்பது தெரியாதவளா நான்? ஆனால் பெற்றவளுக்குமா மேலுடம்பு? இடுப்புக்கு மேலே என்றால் தோளும்தான், மூளையும்தான். கேட்டதற்கு, 'கழுத்து கொஞ்சம் புடிச்சிருக்கும்மா, வேற ஒண்ணுமில்ல' என்றாய். கழுத்துப் பிடித்தவன் ஏன் பட்டப்பகலில் திரையை இழுத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து வீடியோவில் பேசுகிறான்? லைட்டைப் போடச் சொன்னால் 'பல்பு போயிடுச்சு' என்கிறாய். நாலு நாளாகவா ஒரு பல்பு மாற்ற ஆளில்லை?

அதையும் விட்டுவிடுகிறேன். ஜனவரி ஆறாம் தேதி, நம் உக்ரேனிய வழக்கப்படி கிறிஸ்துமஸ் விருந்துக்கு எல்லோரும் மேஜையில் உட்கார்ந்திருந்தபோது அழைத்தாய். பெரோகிக் கொழுக்கட்டை எத்தனை செய்தீர்கள், அத்தை வந்தாளா என்றெல்லாம் நன்றாகத்தான் கேட்டாய். கடைசியில், 'டஃபிக்கு என் பேரைச் சொல்லி ஒரு எலும்பு போடும்மா' என்றாய். கோல்பி, டஃபி ஆகஸ்டில் செத்துப்போனது. வேலிக்குப் பக்கத்தில் குழி தோண்டியது நீ. தோண்டி முடித்துவிட்டு மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுததும் நீ. அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். உனக்கே என்னவோ உறைத்து, 'சும்மா சொன்னேன்மா' என்று சிரித்தாய். ஜனெல்கூட, 'அண்ணன் கிண்டல் பண்ணுதும்மா, நீ எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படாத' என்றாள். செத்த நாயை வைத்துக் கிண்டல் செய்கிறவனை நான் பெறவில்லை.

பதினோராம் தேதி டிவியில், நீ ஞாபகச் சோதனையில் தேறிவிட்டாய், சனிக்கிழமை ஆடுவாய் என்று செய்தி வந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்காமல் சூப்பைப் பார்த்தார். பிறகு ஒரு காரணமும் இல்லாமல் கராஜுக்குப் போய்விட்டார். இந்த மனிதர் எதையாவது மறைத்தால் கராஜுக்குத்தான் போவார், முப்பத்திநாலு வருஷமாகப் பார்க்கிறேன். பின்னாலேயே போய் நின்றேன், விடவில்லை. கடைசியில் சொல்லிவிட்டார். கோடையில் மீன் பிடிக்கப் போன படகில் நீதான் சொன்னாயாம். ஒவ்வொரு செப்டம்பரிலும் தலை நன்றாக இருக்கும்போது உங்களை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து வார்த்தைகளையும் வடிவங்களையும் காட்டி ஞாபகத்தை அளந்து வைப்பார்களாம், அடிபட்டால் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க. நீ அந்த முதல் சோதனையிலேயே வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் போட்டு வைக்கிறாயாம், பின்னால் தலை கலங்கினாலும் கணக்கு ஒத்துப்போகட்டும் என்று. 'நெறைய பேரு பண்றதுதாம்ப்பா' என்று சிரித்தாயாம். இவரும் கூடச் சிரித்தாராம். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் மூன்று நாள் அவருக்கு ரொட்டிதான், பெரோகி இல்லை.

திரும்பி வந்து இரண்டு ஆட்டம் ஆடினாய், இரண்டையும் பார்த்தேன். மூலைக்கு வட்டெடுக்கப் போகுமுன் தோளுக்கு மேலே இரண்டு தடவை திரும்பிப் பார்ப்பாய், அதனால்தான் பதினொரு வருஷம் தாக்குப்பிடித்தாய். இப்போது ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, தலையைத் திருப்பினால் சுற்றுகிறது, அதுதானே?

இனி எழுதப்போவதை உன்னிடம் மட்டுமில்லை, யாரிடமும் சொன்னதில்லை. உனக்குப் பதினேழு வயது, ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் அடிபட்டு வீட்டுக்கு வரும் வழியில் காரில் வாந்தி எடுத்தாய். வெள்ளிக்கிழமை பெரிய கிளப்புகளிலிருந்து ஆள் பொறுக்க வருகிறார்கள். வியாழன் அன்று உங்கள் பயிற்சியாளர் போன் பண்ணி, 'பையன் பேச்சு மந்தமா இருக்கே, வீட்ல எப்படி இருக்கான்?' என்று கேட்டார். நான், 'அவன் எப்பவுமே அப்படித்தான், பேச்சு கம்மி' என்றேன். நீ வாயாடி, கோல்பி, ஊருக்கே தெரியும். அந்த ஆளுக்கும் தெரியும், அவரும் கேட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை நீ ஆடினாய், உன்னைப் பொறுக்கினார்கள், நான் கடையில் எல்லோருக்கும் காப்பி இலவசம் என்றேன். இந்தப் பொய்யை நீ யாரிடம் கற்றாய் என்று நான் இனி யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

இன்று காலை உங்கள் கிளப் டாக்டரைப் போனில் பிடித்தேன். பெஞ்சு, இருட்டு அறை, டஃபி, செப்டம்பர் சோதனை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு, 'நன்றிம்மா, இனி நாங்க பாத்துக்கறோம்' என்றார். இது உன் கைக்கு வரும்போது உன்னை ஆட்டத்திலிருந்து எடுத்திருப்பார்கள். முப்பத்தோரு வயதில் திரும்ப எடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது, எடுக்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். யார் காட்டிக்கொடுத்தது என்று நீ உன்னோடு தங்கும் அணித்தோழனை முறைப்பாய், அப்பாவை ஏசுவாய். வேண்டாம். அவர்கள் யாரும் இல்லை, நான்தான். பேசாமல் இருக்க வேண்டுமானால் இரு, எத்தனை வருஷமானாலும் இரு. எதற்காக அம்மாவோடு பேசவில்லை என்பது உனக்கு ஞாபகம் இருந்தால் போதும், எனக்கு அதுவே பெரிது.

வேளைக்குச் சாப்பிடு, படிகளில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உன் அம்மா,
வெர்னா ஹொலோவாட்டி