கல்யாண டெபாசிட்டும் ஜெர்மன் துப்பாக்கியும்

ஆகஸ்ட் 3, 1997. ஞாயிறு

காலையில் தூறல். பத்து மணிக்கெல்லாம் வெயில்.

ரைஃபிள் கிளப்பில் இருக்கும் துப்பாக்கிகள் கொஞ்சம், ஆட்கள் அதிகம். என் முறை வரப் பதினோரு மணி. துப்பாக்கியின் பின்கட்டை எனக்கு நீளம். தோளில் உட்காரவே மாட்டேன் என்கிறது. பயிற்சி கொடுக்கும் மேஜர் நின்று பார்த்தார்.

"மிஸ், இதை வெச்சுக்கிட்டு இதுக்கு மேல முன்னேற முடியாது. சொந்தமா ஒண்ணு வாங்கிடுங்க."

என்ன செலவாகும் என்று கேட்டேன். அவர் சொன்னது:

புது ஜெர்மன் ஏர் ரைஃபிள், லட்சத்துக்கு மேல். கஸ்டம்ஸ் தனி.
நம் ஊர்த் தயாரிப்பு, மூவாயிரம். போட்டிக்கு உதவாது.
சுடும்போது போடும் கான்வாஸ் கோட்டு, வெளிநாட்டில் இருந்து வந்தால் ஒன்பதாயிரம்.
குண்டு, டப்பா முந்நூறு ரூபாய். மாதத்துக்கு ஒன்று போதாது.

என் கெமிஸ்ட்ரி லெக்சரர் சம்பளத்தில். நல்ல தமாஷ்.

ஆக. 5. செவ்வாய்

லேபில் பிப்பெட் இரண்டு உடைந்தது. தலைவலி.

கிளப்பில் ஒரு பல் டாக்டர் தன் ஜெர்மன் துப்பாக்கியை விற்கிறாராம். கழுத்து எலும்பு தேய்மானம், இனிமேல் சுடக்கூடாது. முப்பத்தைந்தாயிரம். போன் செய்தேன்.

"வேற ரெண்டு பேர் கேக்கறாங்க மேடம். ஷோகேஸ்ல வெக்கறவங்களுக்குக் கொடுக்க மனசு வரல. சனிக்கிழமை வரைக்கும் உங்களுக்குன்னு வெச்சிருக்கேன்."

பாங்கில் அப்பா என் பெயரில் போட்டுவிட்டுப் போன டெபாசிட் இந்த வாரம் முதிர்கிறது. கல்யாணத்துக்கு என்று போட்டது. எத்தனையோ முறை புதுப்பித்தாயிற்று. எனக்கு முப்பத்தாறு.

ஆக. 6. புதன்

அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன்.

"துப்பாக்கியா?"

"காத்தழுத்தத்துல சுடறதும்மா, வெடிமருந்து கிடையாது. லைசென்ஸ்கூட வேண்டாம்."

"அது அப்பா உன் கல்யாணத்துக்குப் போட்டதுடி."

"தெரியும்."

"ஆடி போனதும் வரோம்னு நங்கநல்லூர்க்காரா சொல்லியிருக்கா. என்ன செய்வேள்னு கேட்டா என்ன சொல்றது? கல்யாணமே வேண்டாங்கறியா நீ?"

"அப்படிச் சொல்லலை. அதுக்காகவே காத்துண்டிருக்க முடியாதுன்னு சொல்றேன்."

அம்மா மிச்ச அவரைக்காயை நறுக்கி முடித்து அடுப்படிக்குப் போனாள். கூட்டில் உப்பு இல்லை. அப்படியே சாப்பிட்டேன்.

ஆக. 8. வெள்ளி

பாங்க். "ரின்யூவல்தானே மேடம்?" கிளார்க் பேனாவை எடுத்தே விட்டார். இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

ஆக. 9. சனி

அடையாறு போய் வாங்கி வந்தேன். டாக்டர் கடைசியாக ஒரு முறை துடைத்துக் கொடுத்தார். வாசல் வரை அவரே தூக்கி வந்தார், கழுத்து வலியோடு. ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டேன். அம்மா கதவைத் திறந்தாள், ஒதுங்கி வழிவிட்டாள். அவ்வளவுதான்.

ஆக. 12. செவ்வாய்

பாண்டி பஜார் டெய்லர் பாஷாவிடம் கோட்டு.

"இன்னாமா இது, ரெண்டு மடிப்பு கான்வாஸு, மேல தோலு வேற. ஊசி ஒடஞ்சிடும். இத்தப் போட்டுக்கினு கையே அசைக்க முடியாதே."

"அசையக் கூடாது பாய். அதுக்குத்தான்."

துணி, தோல், கூலி சேர்த்து எழுநூறு. எட்டாயிரத்துக்கு மேல் மிச்சம் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆக. 17. ஞாயிறு

சொந்தத் துப்பாக்கி, முதல் நாள். முதல் குறி அட்டை மோசம். இரண்டாவது அதைவிட மோசம். கோட்டு கழுத்தை அறுக்கிறது. கடைசி அட்டையில் மட்டும் நாலு குண்டு ஒரே ஓட்டையில். மேஜர் "ம்" என்றார். வீட்டில் சொல்ல ஆள் இல்லை. அம்மாவின் பேச்சு இன்னும் "சாதம் போட்டாச்சு", "பால்காரன் வந்தான்" அளவில்தான்.

ஆக. 24. ஞாயிறு

நங்கநல்லூர்க்காரர்கள் வந்தார்கள். பையனுக்கு நாற்பத்தொன்று, ரயில்வே. அவர் அம்மா அலமாரி மேல் இருந்த துப்பாக்கிப் பெட்டியைப் பார்த்துவிட்டார்.

"பொண்ணு வயலின் வாசிப்பாளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா: "வயலின் இல்லே. துப்பாக்கி. போட்டிக்குச் சுடறா. அவ அப்பா பணத்துல வாங்கினது."

அந்த அம்மாள் கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

"அந்தப் பணத்துக்குப் பத்து பவுன் வாங்கியிருக்கலாமே."

"வாங்கியிருக்கலாம்" என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்சம் கேசரி போட்டுக்கோங்கோ."

பையன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. சத்தம் ரொம்ப வருமா என்று. வராது என்றேன்.

ஆக. 27. புதன்

நங்கநல்லூரிலிருந்து கீழ் வீட்டுக்குப் போன் வந்ததாம். ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம். அம்மாதான் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். கால் அலம்பினாள். தண்ணீர் குடித்தாள்.

"அதை எடுடி, பார்ப்போம்."

கொடுத்தேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாங்கினாள்.

"இந்தக் கனமா? இதைத் தூக்கிண்டு எப்படி நிக்கறே?"

இடது முழங்கையை இடுப்பில் முட்டுக் கொடுக்கச் சொன்னேன். இடுப்பைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, முதுகைச் சாய்த்து. சொன்னவுடனே அம்மாவுக்கு வந்துவிட்டது. எனக்கு ஒரு மாதம் ஆனது.

"குழந்தையை இடுப்புல வெச்சுக்கற மாதிரிதானே" என்றாள்.

ஆமாம் என்றேன்.