அந்தப் பெயரில் இரண்டு பேர்

மார்ச் 4

அடியே நெட்டை,

நான் நலமில்லை. உன் நலத்தை அறியவும் எனக்கு ஆவலில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

உன் புதுப் புத்தகத்தைப் படித்தேன். நீயா அனுப்பினாய்? நான் பார்த்துக்கொள்ளும் பெரியவரின் மருமகள் வாங்கி வைத்திருந்தாள். அறுபத்து மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இது உங்க பேருதானேக்கா?" என்று கேட்டாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவை உள்ளே வைத்து, கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகிறாளே ஒருத்தி, அவளுக்கு என் பெயர். அவர் கட்டிலிலிருந்து விழுந்து தரையிலேயே செத்துப்போகிறார். அவள் திரும்பி வந்து, கடைசிவரை பக்கத்தில் இருந்ததாக எல்லோரையும் நம்பவைக்கிறாள். நல்ல கதை!

வீடு வீடாகப் போய் முடியாதவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு என்று உனக்குத் தெரியாதா? படுக்கையில் கிடந்த உன் அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் நான் என்பதும் ஊருக்கே தெரியும். மறுநாள் அந்த வீட்டில், "இனிமே நாங்களே பாத்துக்கறோம்க்கா" என்றார்கள். அடுத்த வாரம் இன்னொரு வீட்டிலும் அதே பாட்டு. உன் அண்ணனின் மருந்துக்கடைச் சுவரில் என் பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டை பதினெட்டு வருஷமாகத் தொங்கியது. ஆள் தேடி வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். இப்போது அந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது.

ஒரே வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர் என்று டீச்சர் உன்னை நெட்டை ஆக்கினார், என்னைக் குட்டை ஆக்கினார். அந்தப் பட்டத்தை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். என் பெயரையாவது நீ விட்டுவைத்திருக்கலாம்.

என்ன பதில் சொல்லப்போகிறாய்?

கொதித்துப்போயிருக்கும்,
குட்டை


மார்ச் 15

பாசத்துக்குரிய குட்டைக்கு,

இவ்வளவு கோபத்திலும் உன் எழுத்து குண்டு குண்டாக அப்படியே இருக்கிறது. பார்த்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

கதை கதைதானடி. அந்தப் பெயர் என்ன, உன் பாட்டன் சொத்தா? தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதே பெயருள்ள ஒரு பல் டாக்டர், தன் பெயரைப் புத்தகத்தில் பார்த்ததில் பெருமை என்று எனக்கு எழுதியிருக்கிறாள். அவள் தன் அப்பாவைப் பூட்டிவிட்டுப் போனாள் என்று யாராவது சொன்னார்களா? நாலு நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அண்ணன் சுவருக்கு வெள்ளை அடிக்க அட்டையைக் கழற்றியிருப்பான். நீயாக எதையாவது கற்பனை பண்ணிக்கொள்ளாதே, அது என் வேலை.

கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
நெட்டை


மார்ச் 22

நெட்டை,

புத்தகம் வந்தது. உள்ளே நீ போட்டிருக்கும் கையெழுத்து உன் புனைபெயர். உனக்கு ஒதுங்கிக்கொள்ள ஒரு பெயர் இருக்கிறது. எனக்கு?

சுவருக்கு யாரும் வெள்ளை அடிக்கவில்லை. நேரே போய்க் கேட்டுவிட்டேன். உன் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "அவளால வாய்விட்டுச் சொல்ல முடியல. அதான் எழுதிட்டா. இருபது வருஷமா உன்னக் காப்பாத்தியிருக்கா, பாவம்." புரிகிறதா? உன் அப்பாவைத் தரையில் சாகவிட்டவள் நான் என்று அவர் நம்புகிறார். நீ பாவமாம்!

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை நானா உனக்குச் சொல்ல வேண்டும்? "இன்னிக்கு அப்பாகூட நான் இருக்கேன், நீ வீட்டுக்குப் போ" என்று என்னை அனுப்பியது நீ. கதைக்கட்டைத் தூக்கிக்கொண்டு பத்திரிகை ஆசிரியரைப் பார்க்க ஓடியது நீ. மூன்று மணி மருந்தை நீ மறந்துவிடுவாய் என்று மனசு கேட்காமல் திரும்பி வந்தேன். கதவில் பூட்டு. ஜன்னல் வழியாக அவர் கை மட்டும் தரையில் தெரிந்தது. பூட்டை உடைக்கக் கல் தேடிக்கொண்டிருந்தபோது நீ வந்து சேர்ந்தாய். இரண்டு பேரும்தான் அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினோம். "அண்ணன்கிட்ட சொல்லிடாதடி, அவன் மூஞ்சில முழிக்க முடியாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அவர் கட்டிலிலேயே போனார், நாம் பக்கத்தில் இருந்தோம் என்று அண்ணனிடம் நீ சொன்னாய். நான் உண்மையைச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

அதற்கு நீ கொடுத்த கூலி இது. நீ செய்த காரியத்துக்கு என் பெயர்.

குட்டை


ஏப்ரல் 9

குட்டை,

உன் கடிதம் வந்ததிலிருந்து எழுதி எழுதிக் கிழிக்கிறேன். இதையாவது அனுப்பிவிட வேண்டும்.

நான் எழுதியது உன் பெயரை இல்லை. என் பெயரை. வேறு பெயர் வைத்து மூன்று தடவை எழுதிப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. ஒருநாள் அவளுக்கு என் பெயரையே வைத்தேன். இருபது வருஷமாகத் தொண்டையில் நின்றது கடகடவென்று வந்துவிட்டது. என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட இப்போது யாரும் இல்லை. அண்ணனுக்கு நெட்டை, பிள்ளைகளுக்கு அம்மா, மற்றவர்களுக்குப் புத்தக அட்டையில் இருக்கும் பெயர். அதனால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அது உன் பெயரும்தான் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. சத்தியமாக.

அண்ணனிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான். அடுத்த பதிப்பில் பெயரை மாற்றிவிடுகிறேன். என்னை மன்னித்துவிடு.

நெட்டை


ஏப்ரல் 16

நெட்டை,

வேண்டுமென்றே செய்தேன் என்று நீ எழுதியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஞாபகமே வரவில்லையாம்! உன் அப்பாவுக்கு இரண்டு வருஷம் மலமூத்திரம் அள்ளினேன். நீ சொன்ன பொய்யை இருபது வருஷம் கட்டிக் காத்தேன். பெயரை எழுதும்போது நான் உனக்கு ஞாபகம் வரவில்லை.

பெயரை மாற்றாதே. மாற்றினால், "அவ போய்ச் சண்டை போட்டிருப்பா, அதான் மாத்திட்டாங்க" என்பார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. உன் அண்ணனுக்கு நாலு வரி எழுது. புத்தகம் புத்தகமாக எழுதுகிறவளுக்கு நாலு வரி பெரிய காரியமில்லை. மே மாசம் முடியும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். அதற்கு அப்புறம் என்னைக் குறை சொல்லாதே.

குட்டை


ஜூன் 3

பிரியமான குட்டைக்கு,

ஒரு நல்ல செய்தி. இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது, பெயரை மாற்றிவிட்டேன்! நீ வேண்டாம் என்றாய், எனக்குத்தான் மனசு ஆறவில்லை. முதல் பக்கத்தைத் திறந்து பார். "பொறுமையே உருவான என் பள்ளித் தோழிக்கு" என்று உனக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறேன்.

அண்ணனுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம், அண்ணி சொன்னாள். இந்த நேரத்தில் எப்படியடி எழுதுவது? இவ்வளவு நாள் பொறுத்தவள், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள மாட்டாயா?

உன் நெட்டை


ஜூன் 19

நெட்டை,

புத்தகம் கிடைத்தது. சமர்ப்பணப் பக்கத்தைக் கிழித்து மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இப்போது ஆடுவதில்லை.

பெயரை மாற்றினால் என்ன சொல்வார்கள் என்று எழுதியிருந்தேனே, அதையே சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்த ஒரு வீடும் போயிற்று.

நேற்று மத்தியானம் மருந்துக்கடைக்குப் போனேன். உன் ஏப்ரல் கடிதம் என் பையில் இருந்தது.

"அந்தப் புத்தகத்துல வர்றவ நான் இல்லண்ணா" என்றேன்.

"அந்தப் பேருல வேற யாரு இருக்கா?" என்றார்.

"உங்ககூடப் பிறந்தவ."

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அந்த வீட்டுச் சாவி யார்கிட்ட இருந்துச்சுண்ணா?" என்று கேட்டேன். எனக்குச் சாவி தர வேண்டாம் என்று அந்தக் காலத்தில் சொன்னதே அவர்தான். வாசலில் ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். அதை வாங்காமல் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அவளுக்கு அந்தப் பேர வெச்சதே நான்தான். அப்பா என்னைத்தான் வெக்கச் சொன்னாரு" என்றார்.

கடிதத்தை நான் வெளியே எடுக்கவே இல்லை, எடுக்க வேண்டிய தேவை வரவில்லை. கிளம்பும்போது இழுப்பறையிலிருந்து என் அட்டையை எடுத்தார். எழுத்து மங்கிப்போயிருந்தது. அதன் மேலேயே பேனாவால் அழுத்தி எழுதி, பழைய ஆணியில் மாட்டினார். பிறகு தனக்கு ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ரத்த அழுத்தம் என்று நீ சொன்னது பொய்யில்லை. அதனால் எனக்குச் சந்தோஷமும் இல்லை, உன்மேல் இருக்கும் கோபமும் குறையவில்லை.

இனி எனக்கு எழுதாதே.

அண்ணன் உனக்கு ஒரு கடிதம் போடுகிறார். உறையின் மேல் நெட்டை என்று இருக்காது, முழுப் பெயரும் இருக்கும். எனக்கு எழுதியது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதே. இந்தத் தடவை அது உனக்குத்தான்.

குட்டை