இடது கால் கட்டைவிரல்

பூவம்
18-6-2007

அத்தானுக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். வைக்கோல் பாரத்தின் மேலிருந்து நீங்கள் விழுந்து நாலு மாதம் ஆகப்போகிறது. இன்னும் அதே கட்டில், அதே மல்லாந்த படுக்கை என்று அங்கே நம் அடுத்த வீட்டு மங்கையர்க்கரசி அக்கா சொன்னாள்.

டாக்டர் நம் இருவரிடமும்தானே சொன்னார்? தண்டுவடம் அறுபடவில்லை, நசுங்கித்தான் இருக்கிறது. வீக்கம் வடிய வடியச் சில நரம்புகள் தானாக விழிக்கும், பிழைத்தவை செத்தவற்றின் வேலையையும் பழகிக்கொள்ளும். முதல் ஆறு மாதத்தில்தான் அது வேகமாக நடக்கும், தினமும் காலுக்கு வேலை கொடுங்கள் என்றார். உங்கள் அண்ணனோ, மிதுன ராசிக்கு ஆகஸ்டு சனிப்பெயர்ச்சியில்தான் ஏழரை விலகுகிறது, அதுவரை உடம்பை அசைக்கக் கூடாது என்று பயிற்சி கொடுக்க வந்தவரை வாசலோடு அனுப்பிவிட்டார். நானும் சனீஸ்வரனைக் கும்பிடுகிறவள்தான். நரம்பைக் காத்திருக்கச் சொல்லி அவர் எங்கும் சொன்னதாகத் தெரியவில்லை.

சண்டை போட்டேன். "அண்ணன் பேச்சுதான் பேச்சு. பிடிக்கலன்னா பூவத்துக்குப் போ" என்றீர்கள். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆறு மாதத்தில் மிச்சம் இரண்டுதான். அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசுவீர்களா, மாட்டீர்களா?

சந்திரலேகா


சுரக்குடி
4-7-2007

லேகாவுக்கு,

படுத்த படுக்கையாகக் கிடப்பவனுக்கு இத்தனை திட்டா? என்னைத் தூக்கிக் குளிப்பாட்டுவது அண்ணன். மலம் அள்ளுவதும் அவர்தான். அவர் என்னைக் கெடுக்க நினைக்கவில்லை, பயப்படுகிறார். அவரை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. நீ போகும்போது ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தாயா? புருஷன் விழுந்ததும் ஓடிவிட்டாள் என்று தெருவே பேசுகிறது. கேட்டுக்கொண்டு கிடக்கிறேன்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். பங்குனிக் கடைசியில் இடது கால் கட்டைவிரல் அசைந்தது. நீ குழாயடிக்குப் போயிருந்தாய். நினைத்தால் அசைந்தது, நினைக்காவிட்டால் சும்மா கிடந்தது. அதோடு நின்றாலும் நின்றுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார் இல்லையா? ஒரு விரலை நம்பி உன் முப்பது வயதை இந்தக் கட்டிலில் கட்டிப்போட மனசு ஒப்பவில்லை. அதனால்தான் போகச் சொன்னேன்.

இப்போது முழங்காலும் கொஞ்சம் மடங்குகிறது. அண்ணனுக்குத் தெரியாது.

சிவநாதன்


பூவம்
11-7-2007

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழிக்கப் போனேன். அம்மா பிடுங்கி வைத்தாள்.

விரல் அசைந்து மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தை நான் யாரிடம் போய்க் கேட்பேன்? அண்ணன் சோதிடத்தை நம்பிக் கெடுத்தார், போகட்டும். நீங்கள் எதை நம்பிக் கெடுத்தீர்கள்? எனக்கு நல்லது செய்வதாக நினைத்து எனக்குப் பதில் நீங்களே முடிவெடுத்தீர்கள். அண்ணன் உங்களுக்குச் செய்ததை நீங்கள் எனக்குச் செய்தீர்கள். உங்களுக்குக் கால் வரவில்லை என்று நான் போகவில்லை. 'போ' என்றீர்கள், போனேன். இந்த வித்தியாசம் தெருவுக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குமா தெரியாது?

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். பயிற்சி கொடுப்பவர் பத்து மணிக்கு வருவார், பேசிவிட்டேன். அவரை இந்தத் தடவை வாசலில் நிறுத்தாமல் உள்ளே கூப்பிட வேண்டியது நானல்ல, நீங்கள். அண்ணன் எதிரில், உங்கள் வாயால்.

கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இன்னும் நிறைய இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்துதான் திட்ட வேண்டும். முழங்கால் மடங்குவதோடு நின்றுபோனாலும் சரி, இனி என்னைப் போகச் சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது.

லேகா