ஒரு நாள் தண்ணீர்

மே 4, காலை 8.10. வெளியே 43 டிகிரி.

கடைசி ரயிலும் மலைக்குப் போய்விட்டது. இன்று முதல் கோடை மூடல். மழை வரும்வரை கடற்கரையிலும் சமவெளியிலும் ஆள் இருக்கக் கூடாது என்பது சட்டம். விதிவிலக்கு இரண்டு பேருக்கு. கடல்நீரைக் குடிநீராக்கும் இந்த நிலையத்தில் நான், ஜெசிந்தா. இங்கிருந்து மலைக்குப் போகும் குழாயின் நடுவே, தேரிக்காட்டு நீரேற்று நிலையத்தில் என் கணவர் ராயப்பன். நான் தண்ணீர் எடுக்கிறேன், அவர் மேலே தள்ளுகிறார். மேல்முகாமில் குடிக்க நாற்பதாயிரம் பேர்.

உற்பத்தி இலக்கை எட்டியது. கடல்நீர் 31 டிகிரி. பழுது இல்லை.

அடுத்துப் பொறுப்பேற்பவருக்கு ஒரு வார்த்தை. உடம்பு வேலையை விடியலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் வெயிலில் நின்றால் மறுநாள் வேலைக்கு ஆகமாட்டீர்கள். பகலில் நிலவறையில் உட்கார்ந்து செய்யும் வேலை போதும். தூக்கம் வராவிட்டாலும் படுத்திருங்கள்.

மே 13, காலை 9.00. வெளியே 45.

உற்பத்தி சற்றுக் குறைவு. சூடு ஏறியதில் ஜெல்லிபோன்ற சொறிமீன் கூட்டமாகக் கரைக்கு வருகிறது. உறிஞ்சுகுழாயின் வலையில் அப்பிக்கொள்கிறது. இருட்டிலேயே இறங்கிச் சுரண்டி எடுத்தேன். கை முழுக்கத் தடிப்பு.

மேல்முகாம் அலுவலகத்திலிருந்து தானியங்கிச் செய்தி தினமும் வருகிறது. இன்று வந்தது: "கோடையிலும் சோர்வின்றி உழைக்க: அடிக்கடி நீர் அருந்துங்கள். கடினமான வேலையைக் காலையிலேயே முடியுங்கள். சிறு ஓய்வு, பெரும் பயன்."

ராயப்பனுக்கும் வந்திருக்கிறது. மாலையில் வானொலியில் பேசினார்: "ஏ பிள்ள, சிறு ஓய்வு பெரும் பயனாம்ல. நான் இங்கன மத்தியானம் பூரா பயனாத்தான் கெடக்கேன்."

அவருடைய இடத்தில் தானாகத் திறக்கும் வால்வு சூட்டில் கெட்டுவிட்டது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டியை அவரே கையால் கழுவிவிட வேண்டும். அப்போது இங்கே என் அழுத்தமானியின் முள் இறங்கி, மறுபடி ஏறும். முள் ஆடினால் அவர் எழுந்து நடமாடுகிறார் என்று அர்த்தம். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். அவர் எப்போது எழுந்தார், எப்போது படுத்தார் என்று நான் இவ்வளவு கவனித்ததே இல்லை.

மே 19, மாலை 6.40. வெளியே 47.

ராயப்பன்: "குளிரூட்டி லேசா முனகுது. பெருசா ஒண்ணுமில்ல."

நிலவறைக்குள் எவ்வளவு என்று கேட்டேன். "முப்பத்திரண்டு" என்றார்.

நேற்றும் முப்பத்திரண்டு என்றார். நேற்று வெளியே இரண்டு டிகிரி குறைவு.

மே 21, மாலை 7.00. வெளியே 47.

மைக்கைக் குளிரூட்டிக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். சத்தத்தைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. கம்ப்ரஸர் போகப் போகிறது. மாற்று கம்ப்ரஸர் இங்கே என் அலமாரியில், பிரிக்காத அட்டைப்பெட்டியில் இருக்கிறது.

கொண்டுபோக வேண்டுமென்றால் பேட்டரி ஜீப். பகல் சூட்டை அதன் பேட்டரி தாங்காது. சூரியன் இறங்கிய பிறகுதான் எடுக்க முடியும். பாதையில் மணல் மூடிக் கிடக்கிறது. போக ஓர் இரவு, பகலில் அங்கே தங்கல், வர ஓர் இரவு. நான் இல்லாவிட்டால் வலை அடைத்துவிடும், நிலையத்தை நிறுத்தியே ஆக வேண்டும். மலைத் தொட்டியில் ஒரு நாள் தண்ணீருக்கு மேல் இருப்பு கிடையாது.

அலுவலகத்தில் சொல்கிறேன் என்றேன்.

ராயப்பன்: "சொல்லாத பிள்ள. அங்க கைக்குழந்தைய வச்சிக்கிட்டு எத்தன பேரு இருக்காவ. ஒருத்தனுக்காகக் குழாய அடைச்சாவன்னு ஆயிரும். எனக்கு ஒண்ணும் ஆகல."

எனக்கு வேறு வழி ஒன்று தோன்றியது. சும்மா நிற்கும் இரண்டாவது சுத்திகரிப்பு வரிசையையும் ஓட்டினால் நாளுக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் வரும். சில நாளில் தொட்டியில் ஒரு நாள் தண்ணீர் கூடுதலாகச் சேர்ந்துவிடும். அந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டு நான் போய்வரலாம். யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

அவரிடம் சொன்னேன்.  "ஒத்தையா ரெண்டு வரிசையும் ஓட்டுவியோ?" என்றார். ஓட்டுவேன் என்றேன்.

மே 23, பகல் 1.30. வெளியே 48.

இரண்டு வரிசையும் ஓடுகிறது. வலையைப் பகலிலும் சுரண்ட வேண்டியிருக்கிறது. ஐஸ் வைத்துத் தைத்த மேலங்கி கால் மணி நேரம் தாங்குகிறது. அதற்குள் ஏறி வந்துவிட வேண்டும். இன்று ஒருமுறை ஏணியில் கால் பிடித்துக்கொண்டது. அப்படியே தொங்கிக்கொண்டிருந்தேன். உப்புக் கரைசல் குடித்தேன், சரியாயிற்று.

மே 4 அன்று நான் எழுதியதைப் பின்பற்றுங்கள். நான் செய்வதைச் செய்யாதீர்கள்.

தொட்டி ஏறுகிறது. முள் நேரத்துக்கு ஆடுகிறது.

மே 24, மாலை 7.20. வெளியே 48.

பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது. நாளை மறுநாள் கிளம்பலாம். கம்ப்ரஸரை ஜீப்பில் ஏற்றிக் கட்டிவைத்தேன். அவருக்குப் பிடிக்குமே என்று கருவாட்டையும் பொரித்து டப்பாவில் எடுத்து வைத்தேன்.

"நாளான்னிக்கு வாரியா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிறிது நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார்.

மே 25, காலை 7.15. வெளியே 44.

தொட்டி இறங்கிவிட்டது. கசிவோ என்று பயந்து மேலே கூப்பிட்டேன். தண்ணீர்ப் பொறுப்பாளர் தமயந்தி பேசினாள். சின்னப் பெண், போன வருடம்தான் வேலைக்கு வந்தவள்.

"அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ரயில்ல எடம் கெடைக்காம அடிவாரத்துல ஆறாயிரம் பேரு காத்துக்கிடந்தாங்க. தண்ணி இல்லன்னு மேல ஏத்தாம வச்சிருந்தோம். தினம் பத்துப் பதினஞ்சு பேரு செத்துட்டிருந்தாங்கக்கா. நீங்க கூடுதலா அனுப்புறதப் பாத்துதான் தைரியமா ஏத்திட்டோம். இதே அளவு தொடர்ந்து குடுக்க முடியுங்களா?"

பின்னால் யாரோ குழந்தையைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

முடியும் என்றேன்.

பிறகு தானியங்கிச் செய்தி: "உங்கள் உழைப்பு பாராட்டுக்குரியது. நாளை முதல் உங்கள் இலக்கு உயர்த்தப்பட்டுள்ளது."

அவரிடம் இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று மட்டும் சொன்னேன். "ஆகட்டும்" என்றார்.

மே 26, காலை 10.50. வெளியே 47.

ஆறு மணிக்கு ஆட வேண்டிய முள் ஏழரைக்கு ஆடியது. கூப்பிட்டேன்.

ராயப்பன்: "அங்க மழ பெய்யுதா பிள்ள? துணியெல்லாம் உள்ள எடுத்துட்டியா?"

எடுத்துவிட்டேன் என்றேன். உள்ளே எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டேன். "முப்பத்திரண்டு" என்றார். அதை மட்டும் மறக்கவில்லை.

தமயந்தியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்ரஸர், ஜீப், நான் சேர்க்க நினைத்த ஒரு நாள் தண்ணீர். "இருங்கக்கா" என்று வைத்துவிட்டாள்.  அரை மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, நான் மைக்குல எல்லாருக்கும் சொல்லிட்டேன். ஒருத்தர்கூட மாட்டேன்னு சொல்லல. ரெண்டு நாள் ஆனாலும் பாத்துக்குவோம், அவங்கள மொதல்ல கெளம்பச் சொல்லுன்னு சத்தம் போடுறாங்க. நேத்து ஏறி வந்தவங்க குடத்துல இருக்குறதக் கொண்டுவந்து தொட்டியிலயே ஊத்துறாங்க. பம்பு வேலை தெரிஞ்சவங்க ரெண்டு பேரு, இசக்கியும் யூனுஸும், சாயங்காலம் தேரிக்காட்டுக்குக் கெளம்புறாங்க. ஏன்க்கா முன்னாடியே..."

அதோடு நிறுத்திக்கொண்டாள்.

மே 26, மாலை 5.30. வெளியே 46.

சூரியன் இன்னும் இறங்கவில்லை. இப்போதுதான் இரண்டு வரிசையையும் நிறுத்தினேன். ஜீப்பின் பேட்டரிமேல் ஈரச் சாக்குப் போட்டிருக்கிறேன்.

பதினொன்றரைக்கு முள் ஆடியது. இன்றிரவு வருகிறேன் என்று சொன்னேன். "பாத்து வா. மணலுக்குள்ள சக்கரத்த விட்டுராத" என்றார். தெளிவாகப் பேசினார். சந்தோஷமாக இருந்தது.

மூன்றரைக்கு முள் இறங்கியது.

ஏறவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மே 27, தேரிக்காடு.

விடியுமுன் வந்து சேர்ந்தேன்.

வடிகட்டிப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வால்வைத் திறந்திருக்கிறார், மூட முடியவில்லை. தண்ணீர் அவர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. வேட்டியெல்லாம் நனைந்திருந்தது. சுவரில் இருந்த வெப்பமானி 45 காட்டியது.

வால்வை நான் மூடினேன்.

புது கம்ப்ரஸரை மாட்டினேன். இங்கே இனி வேலை செய்ய வருகிறவர்களுக்கு அது வேண்டும். அரை மணி நேர வேலைதான். அறை குளிர ஆரம்பித்தது. அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

இசக்கியும் யூனுஸும் வந்தார்கள். வாசலிலேயே நின்றுவிட்டார்கள். யூனுஸ் சொன்னதை இங்கே எழுத வேண்டும். "அண்ணன் இடத்துல நாங்க இருக்கோம்க்கா. மழ வர்ற வரைக்கும் இருப்போம்." அவர்களுக்கு வடிகட்டியைக் கழுவக் கற்றுக்கொடுத்தேன். 

பகல் முழுக்க அவர் பக்கத்தில் படுத்திருந்தேன். குளிராகத்தான் இருந்தது.

மே 29, காலை 8.20. வெளியே 46.

ஜீப்பில் அவரை முன் இருக்கையில் வைத்துக் கூட்டிவந்தேன். மணலில் ஒருமுறைகூடச் சக்கரம் இறங்கவில்லை. நேற்று விடியலிலேயே இரண்டு வரிசையையும் ஓடவிட்டுவிட்டேன். உற்பத்தி உயர்த்திய இலக்கை எட்டியது. மலைத் தொட்டி ஏறுகிறது.  

மழை வரும்வரை பாதிரியார் கீழே வர முடியாது. கல்லறைத் தோட்டத்தில் கடப்பாரை இறங்கவில்லை. தரை அப்படிக் கிடக்கிறது. அதனால் அவரை ஐஸ் அறையில் வைத்திருக்கிறேன். வெள்ளை வேட்டி கட்டிவிட்டேன்.

என் மேலங்கிக்கான ஐஸும் அங்கேதான் இருக்கிறது. அது இல்லாமல் வலைக்கு இறங்க முடியாது. தினமும் காலையில் எடுக்கத்தான் வேண்டும். இன்று போய் எடுத்தேன். வேலைக்குப் போய்ட்டு வாரேன் என்று சொன்னேன்.

கோடை இன்னும் நாலு மாதம் இருக்கிறது.