தீவுக்கு எடுத்துப்போகும் படுக்கை விரிப்புகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். உங்கள் இருமல் விட்டதா?

தீவுக்கு வாங்க என்று நீங்கள் எழுதிய கடிதம் திங்கட்கிழமை வந்தது. அம்மா என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிவிட்டு, மூன்றாவது தடவை தானே வாங்கி வாசித்தாள். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். அங்கே என்ன இருக்கிறது, வெறும் உப்புத்தண்ணீர்தானே என்று ஒன்பது வருடமாக நீங்கள் தட்டிக் கழித்ததில், நாங்கள் வருவதே உங்களுக்குப் பிடிக்கவில்லையோ என்று உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இப்போது போய்விட்டது.

எனக்கு லீவு கிடைத்துவிட்டது. மேலாளரிடம் கேட்க வேண்டியதைக் காலையிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். பாதி சொல்வதற்குள் போய்ட்டு வாம்மா என்று சொல்லிவிட்டார். மீதிப் பாதி வீணாய்ப் போனது.

மாமா தினமும் வந்து அம்மாவைச் சீண்டுகிறார். தீவு முழுக்கத் தென்னை மரமாம், ஹெல்மெட் எடுத்துக்கோ அக்கா என்றார். உன் தலையில விழுந்தா தேங்காய்தான்டா உடையும் என்றாள் அம்மா. அவள் இப்படிச் சிரித்துப் பேசி நாளாயிற்று.

படகுத்துறைக்கு எதிரே நீங்கள் சொன்ன சின்ன விடுதியில் அறை போட்டிருக்கிறேன். ஆனால் பெட்டிதான் மூட மாட்டேன் என்கிறது. உள்ளே அம்மா அடுக்கிய இரண்டு படுக்கை விரிப்பு, தலையணை உறைகள், நான்கு துண்டு. விடுதியில் எல்லாம் கொடுப்பார்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அந்த விடுதித் துணியும் உங்கள் ஓட்டல் சலவைக்கூடத்துக்குத்தான் வரும் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டாள். அந்த மனுஷனுக்கு நாமளும் போய் வேலை வைக்கணுமா என்கிறாள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. என் புடவைகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு விரிப்புகளுக்கு இடம் கொடுத்தேன்.

இன்னொன்று. போனில் சொன்னால் சரிசரி, வச்சிடும்மா என்று முடித்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். வந்தால் படகுத்துறைப் பக்கமே இருங்கள், ஓட்டலுக்கு வர வேண்டாம் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். வேலை உடையில் எங்கள் முன்னால் நிற்க உங்களுக்குக் கூச்சம் என்று நினைக்கிறேன். கூச்சத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா அப்பா, உங்களிடமிருந்து வந்ததுதானே? வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பா என்ன செய்கிறார் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார் என்றேன். அன்று நான் நடுங்காமல் சொன்ன ஒரே பதில் அதுதான்.

கடல் எங்கேயும் போயிடாது, அவர் இத்தனை வருஷமா நிக்கிற இடத்தைத்தான் முதல்ல பார்க்கணும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறாள். உங்கள் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். இயந்திரங்களுக்குப் பக்கத்தில் வர மாட்டோம், எதையும் தொட மாட்டோம். ஓரமாக நின்று பார்த்துவிட்டு, உங்களையும் கூட்டிக்கொண்டு படகுத்துறைக்கு வந்துவிடுகிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்