ஜெனீவா வீட்டைக் காலி செய்ய வேண்டாம்

மோனிஷா தாத்தாவுக்கு மூக்கம்மாள் வணக்கத்தோடு எழுதுவது. கல்பாத்தியில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? பேரன் சுடலைமணி ஜீப் லைசென்ஸ் எடுத்துவிட்டான். மோனிஷாவோ ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை ஆபீசில் இருக்கிறாள். நம் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் வேறு யார் பேத்தி அவ்வளவு தூரம் போனாள்?

அந்த ஆபீசுக்கு இனிப் பணம் கொடுக்கக் கூடாதென்று ஒரு நாட்டில் சட்டம் போட்டார்களாம். நான் சமைக்கும் வீட்டு மாமி பேப்பர் பார்த்துச் சொன்னார். எஸ்டேட்டைப் பூட்டினால் லயத்தைக் காலி செய்யச் சொல்வார்களே, அந்தப் பயத்தில் உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாகளா? சாமானக் கட்டிக்கிட்டு நம்ம ஊரு சின்னக்கானலுக்கு வந்துரு."

சிரித்துவிட்டாள். "ஆச்சி, இது ஆபீஸ் குடுத்த வீடில்ல, வாடகை வீடு. மத்த நாடுக பணம் தருது. ரெண்டு பேர நிறுத்திட்டாங்க, என்னைய வச்சுக்கிட்டாங்க. அடிபட்டவங்க சொல்றத எழுத ஆள் வேணும்ல?"

அதன் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. நீங்கள் பயப்படக் கூடாதென்றுதான் எல்லாம் முடிந்தபின் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் காப்பிதான். நம் எஸ்டேட் தேயிலைத்தூள் கால் கிலோ அனுப்புங்கள். மாமி கூப்பிடுகிறார். ஸ்டூடியோவில் புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடுங்கள். என் பட்டன் போனில் உங்கள் முகம் வராது.