மாடியில் இரண்டாவது டேங்க்

வியாழன், இரவு.

மேடவாக்கம் வீட்டு மொட்டை மாடியில் இன்று இரண்டாவது தண்ணீர் டேங்க் வைத்துவிட்டார்கள். சரியாக எங்கள் படுக்கையறைக்கு மேலே. "தளம் தாங்குமா அண்ணா?" என்று பிளம்பரிடம் கேட்டேன். "மொத டேங்க் அசையாம நிக்குது பாருங்க மேடம். இன்னா ஆயிடப் போவுது?" என்றார்.

காலையில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது நானும் அதைத்தான் சொன்னேன். அசையாமல் நிற்கும் பொருளின் மீது தொகுபயன் விசை சுழி, அதாவது எல்லா விசைகளும் சேர்ந்து பூஜ்யம். அடியில் இருப்பது எவ்வளவு திணறித் தாங்குகிறது என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

கூரையில் ஒரு கோடு தெரிகிறது. விரிசலா, பெயின்ட் தடமா, தெரியவில்லை. டேங்க் இன்னும் காலிதான். விடிந்ததும் லாரித் தண்ணீரை ஏற்றுவார்கள். இரண்டாயிரம் லிட்டர் என்றால் இரண்டு டன்.

தூங்கும் மகளைச் சுவரோரம் நகர்த்திவிட்டேன். கோட்டுக்கு நேர்கீழே நான் படுத்துக்கொள்கிறேன்.